மழைத்தண்ணீரில் மிதந்த இறால்

டமார்!

தகரக் கதவு சுவரில் மோதிய சத்தத்தில் நஷ்வா ஊஞ்சலிலிருந்து குதித்தாள். கடலிலிருந்து ஒரு கருமேகம் தீவுக்குள் நுழைந்துவிட்டது. சுருள் நிமிர்வதற்காகக் கொடியில் தொங்கவிட்டிருந்த புகைப்படங்கள் எல்லாம் மீன்களைப் போலத் துள்ளின.

“அண்ணா, படமெல்லாம் பறக்குது!”

நிஹாத் பாதிச் சாப்பாட்டில் ஓடிவந்தான். அதற்குள் மழை கொட்டத் தொடங்கியது. கைக்குக் கிடைத்தவற்றை அள்ளி, உள்ளே கொண்டுபோய் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுருண்டுவிடாமல் இருக்க மேலே ஒரு கனமான சட்டியை வைத்தான்.

எல்லாம் அவன் கடலுக்கடியில் எடுத்த படங்கள். ஆமையின் முதுகைச் சுத்தம் செய்யும் மீன்கள், விலாங்கின் வாய்க்குள் புகுந்து பல் துலக்கிவிடும் குட்டி மீன் என்று எல்லாமே ஒன்றுக்கொன்று துணையாக வாழும் ஜோடிகள். தலைநகர் மாலேயில் நாளைக்குக் கண்காட்சி. இன்று மதியப் படகில் அவன் கிளம்ப வேண்டும்.

“நானும் வரேனே,” என்று நஷ்வா காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“படம் எடுத்தவங்க மட்டும்தான் வரலாம். நீ என்ன எடுத்தே?”

அவன் மூழ்கும்போதெல்லாம் மேலே சின்னத் தோணியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். கயிற்றின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை அவன் மணிக்கட்டில். விசைப்படகு ஏதாவது வந்தால் இரண்டு முறை இழுப்பாள். உடனே அவன் மேலே வந்துவிடுவான்.

மழை நின்றது. நிஹாத் சட்டியை எடுத்தான். அவன் முகம் வெளுத்தது.

நடுவிலிருந்த இரண்டு படங்கள் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று கோமாளி மீன். இன்னொன்று, அவன் பல நாள் காத்திருந்து எடுத்த இறாலும் காவல் மீனும். அந்த இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. மணலில் வளை தோண்டுவது அதன் வேலை. வாசலில் காவல் நிற்பது மீனின் வேலை. இறால் தன் மீசையை மீன்மேல் வைத்துக்கொண்டேதான் வெளியே வரும். ஆபத்து என்றால் மீன் வாலை ஆட்டும். இரண்டும் உள்ளே ஓடிவிடும்.

நிஹாத் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தான். வெள்ளையாகக் கொஞ்சம் கிழிந்தது.

“அப்படியே அனுப்பிடு. மீனுக்குள்ள மீன் இருக்குன்னு சொல்லிக்கலாம்,” என்றாள் அம்மா, மாவைத் தட்டிக்கொண்டே.

“மம்மா, சும்மா இருங்க,” என்றான் நிஹாத்.

“தண்ணியில போடலாம் அண்ணா,” என்றாள் நஷ்வா. “தபால்தலையை அப்படித்தானே எடுப்பேன்.”

“நனைஞ்சதாலதான் ஒட்டுச்சு. மறுபடியும் நனைக்கணுமா?”

“பாதி நனைஞ்சதாலதான் ஒட்டுச்சு. முழுசா நனையட்டும்.”

அவன் கிணற்றுப் பக்கம் வாளியைத் தூக்கினான்.

“அது வேணாம், உப்பு படிஞ்சிடும். அதுல குளிச்சுக் குளிச்சு என் தலைமுடி எப்படி ஆயிடுச்சு பாரு,” என்றாள் நஷ்வா.

மழைத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து அகலமான பாத்திரத்தில் நீர் பிடித்து, ஈரப்பலா மரத்தடியில் வைத்தாள். படங்கள் மெல்ல அமிழ்ந்தன. இலைகளின் நிழல் தண்ணீரில் அசைந்தது. பாத்திரத்துக்குள்ளேயே ஒரு குட்டிக் கடல் வந்துவிட்டதைப் போலிருந்தது.

நிஹாத்தால் பொறுக்க முடியவில்லை. கையை உள்ளே விட்டான். நஷ்வா அவன் மணிக்கட்டில் இரண்டு முறை தட்டினாள்.

அவன் கை சட்டென்று வெளியே வந்தது.

மறுபடியும் விட்டான். மறுபடியும் இரண்டு தட்டு. மறுபடியும் கை தானாக வெளியே வந்தது. அவன் தன் மணிக்கட்டையே பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அதற்கப்புறம் கையை மடியிலேயே வைத்துக்கொண்டான்.

மரத்திலிருந்து ஒரு துளி விழுந்தது. வட்டங்கள் விரிந்தன. மேலிருந்த படம், தூக்கத்தில் புரண்டு படுப்பதைப் போல, தானாகவே ஒரு பக்கம் விலகியது. அடியில் ஒரு மெல்லிய மீசை தெரிந்தது. பிறகு இறால். பிறகு, அதன் பக்கத்தில் கண்ணை உருட்டிக்கொண்டு காவல் மீன். நீர் அசைய அசைய, அதன் வாலும் ஆடியது.

“உயிரோட வந்துட்டாங்க,” என்று நஷ்வா கிசுகிசுத்தாள்.

படங்கள் காற்றில் காய்ந்தன. மூலையில் மட்டும் அந்தச் சின்னக் கிழிசல் இருந்தது. நிஹாத் எல்லாப் படங்களையும் அட்டைப் பெட்டிக்குள் அடுக்கினான். அம்மாவிடம் போய் ஏதோ மெதுவாகப் பேசினான். அம்மா சிரித்துக்கொண்டே ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து, இன்னும் நாலு ரொட்டியை உள்ளே வைத்தாள்.

படகுத்துறைக்கு நஷ்வாதான் பெட்டியைச் சுமந்து வந்தாள். படகோட்டி ஹம்தூன் அதை வாங்கி உள்ளே வைத்தார். பிறகு அவள் பக்கம் கையை நீட்டிய நிஹாத்தைப் பார்த்தார்.

“ஏன்டா, படம் எடுத்தவங்க மட்டும்தான் போறதுன்னு நேத்து என்கிட்ட சொன்னியே?”

“ஆமா மாமா,” என்றான் நிஹாத், அவளைப் படகில் ஏற்றிவிட்டபடி. “அதான் ரெண்டு பேரும் வர்றோம்.”