தண்டு துவளும் வரை

பால்கனியில் எட்டாவது தொட்டியிலிருந்த மிளகாய்ச் செடியை அவள் வளைத்துக் கட்டவே இல்லை. ஆனால் அது வளைந்திருந்தது.

மற்ற ஏழும் அவள் கைவேலைதான். செடி நர்சரியில் பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறாள். நுனியை வளைத்துத் தொட்டி விளிம்போடு கட்டிவிட்டால், உயரத்துக்கு ஓடுகிற புத்தி செடியை விட்டுப் போய்விடும். சில நாட்களில் ஒவ்வொரு கணுவிலிருந்தும் பக்கத்தளிர் கிளம்பிச் செடி புதராக அடைத்துக்கொள்ளும். அவசரப்பட்டால் தண்டு படக்கென்று ஒடியும். அதனால் ஒரு நாள் தண்ணீர் காட்டாமல் துவளவிட்டுத்தான் வளைப்பாள். எட்டாவதை மட்டும் விதைக்காக நிமிர்ந்து வளர விட்டிருந்தாள். இப்போது அதன் கழுத்தில் ஒரு துணிக்கிழிசல், அவள் போடுவதைவிட நேர்த்தியான முடிச்சோடு.

"நீயா கட்டுன?" என்று மகளைக் கேட்டாள்.

"எனக்கு முடிச்சே போடத் தெரியாதும்மா. ஷூ லேஸ்கூட நீதானே கட்டிவிடுற."

அதுவும் உண்மைதான். ஏழு வயதாகியும் முடிச்சுப் போட மகளுக்குக் கை வணங்கவில்லை. வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு இந்த ஒரு பிள்ளைதான் எல்லாம். நாமே கட்டிவிட்டு மறந்திருப்போம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள்.

மறுநாள் மாலை மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது, ஈர மண்ணும் கசக்கிய இலையும் கலந்த வாடை கூடம் முழுக்கத் தேங்கியிருந்தது; எந்தச் சுவருக்குப் பின்னால் என்று சொல்ல முடியாமல், துணி கிழிபடும் சத்தம், வேலை தெரிந்த ஒருவர் அளந்து அளந்து கிழிப்பதுபோல அவசரமே இல்லாமல் கேட்டு, அவள் மூச்சைப் பிடித்ததும் நின்றது. மூலையிலிருந்த அலுமினிய ஒட்டடைக் கம்பு வில்லாக வளைந்து ஜன்னலோடு கட்டப்பட்டிருந்தது. எங்கும் ஒடியவில்லை. அதே முடிச்சு. யாரோ கை பழகுகிறார்கள் என்று தோன்றியதும் மகளைத் தேடித் திரும்பினாள்.

அதற்குள் மகள் கட்டிலில் போய் விழுந்து துவண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது.

"தண்ணி குடிச்சியா?"

"காலைலேர்ந்து குடிக்கலம்மா. குடிக்கக் கூடாதாம்."

"யாரு சொன்னா?"

மகள் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தாள்.

"குடிச்சா ஒடிஞ்சிடுமாம்" என்றாள்.

டம்ளரை உதட்டில் வைத்து அழுத்தினாள். கெஞ்சினாள், மிரட்டினாள். தண்ணீர் கழுத்து வழியாக ஓடிக் கட்டிலில் இறங்கியது. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் வளைந்திருந்தது. இழுத்தாள், குத்தினாள். கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கியது. பக்கத்து வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

கத்தரிக்கோலை ஒரு கையில் பிடித்து, மகளை மடியில் கிடத்திக்கொண்டு இரவு முழுக்க உட்கார்ந்திருந்தாள். விடியும் நேரத்தில் கண் அசந்தது. ஒரு நிமிடம் இருக்கும்.

மடி காலி.

பால்கனிக் கதவு திறந்திருந்தது. தொட்டிகளுக்கு நடுவே மகள். குனிந்த நிலை. தலை முழங்காலைத் தாண்டி, தரைவரை. கழுத்தில் ஒரு கிழிசல். மணிக்கட்டில் இரண்டு. எல்லாம் பால்கனிக் கம்பியோடு கட்டப்பட்டு.

வெட்டினாள். ஒவ்வொன்றாக.

கட்டு விழுந்தது. உடம்பு நிமிரவில்லை.

"வலிக்கலம்மா" என்றாள் மகள், தரையைப் பார்த்தபடி.

வெயில் ஏறியது. மெல்லிய சட்டைக்குள், முதுகெலும்பு நெடுக, கணுவுக்கு ஒன்றாக ஏதோ முட்டிக்கொண்டிருந்தது. துணி ஒரு இடத்தில் கிழிந்தது. பிஞ்சு விரல்கள் ஐந்து வெளியே வந்து, வெளிச்சம் வரும் பக்கமாகத் திரும்பி, மெதுவாக விரிந்தன.