பன்னிரண்டு ஜோடி

பேருந்து ஏரிக்கரையில் வந்து நின்றபோது பகல் பதினொரு மணி. நல்ல வெயில்தான். ஆனாலும் அந்தப் பழைய முகாம் கட்டடத்துக்குள் கால் வைத்ததும், ஈரத்துணியை நாள்கணக்கில் மூடிவைத்தது போல ஒரு முடைநாற்றம். விடுமுறை முகாமுக்கு வந்த இருபத்து மூன்று பிள்ளைகளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நீச்சல் மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய அக்கா மகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். ஒன்பது வயது, ஆளைப் பார்த்து எல்லோரும் வைத்த பெயர் சுண்டெலி. "தம்பி, தண்ணின்னாலே எனக்குப் பயம். உன்ன நம்பித்தான் அனுப்புறேன்" என்று காலையில் அக்கா சொன்னது இன்னும் காதிலேயே இருந்தது.

தண்ணீரில் மாஸ்டருக்கு ஒரே சட்டம். ஆளுக்கொரு ஜோடி. விசில் கேட்டால் ஜோடியின் கையைப் பிடித்து உயரத் தூக்க வேண்டும், தலை போனாலும் விடக் கூடாது. ஆடுகிற தலைகளை எண்ணுவதைவிடத் தூக்கிய கைகளை எண்ணுவது சுலபம் என்பது அவருடைய இருபது வருடப் பழக்கம். பிள்ளைகளோ ஒற்றைப்படை. மிஞ்சிய சுண்டெலிக்குத் தானே ஜோடி என்று சொல்லிவைத்திருந்தார்.

கெட்ட நேரம் சொல்லிவிட்டா வரும்? பிள்ளைகள் ஏரியில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில், ஆழத்துக்கு எல்லை கட்டிய கயிறு கரைப்பக்கம் அவிழ்ந்துகொண்டது. "முழங்கால் தண்ணியிலயே நில்லு கண்ணு, மாமா இதோ வந்துடுறேன்" என்று கரையேறினார். கயிற்றை முளையில் சுற்றிக்கொண்டே விசில் ஊதினார்.

கைகள் உயர்ந்தன. எண்ணினார். பன்னிரண்டு ஜோடி.

அப்பாடா என்று முடிச்சை இறுக்கக் குனிந்தார்.

கை பாதியிலேயே நின்றது.

சுண்டெலிக்கு ஜோடி நானாச்சே. பதினொன்றுதானே வர வேண்டும்?

நிமிர்ந்தார். சுண்டெலி கயிற்றுக்கு அப்பால், கழுத்தளவு தண்ணீரில் நின்றாள். அவள் கையைப் பிடித்துத் தூக்கியிருந்தது இன்னொரு சின்னக் கை. தோல் ஊறி, வெளுத்துச் சுருங்கிய கை.

அந்தக் கைக்குக் கீழே தலை இல்லை. தண்ணீர்தான் இருந்தது.

பாய்ந்தார். "விட்டுடு கண்ணு! மாமா சொல்றேன், விட்டுடு!"

"நான் எப்பவோ விட்டுட்டேன் மாமா," சுண்டெலி அழுதாள். "அவதான் விடல."

அவர் விரல் நுனியில் அவள் தலைமுடி பட்டது. அவ்வளவுதான். மூச்சு முட்ட மூழ்கித் தேடியும் வெறும் சேறுதான் கைக்கு வந்தது.

கரைக்கு வந்து கதறினார். அதற்குள் கரையேறிவிட்ட பிள்ளைகளுக்குத் துண்டு கொடுத்துக்கொண்டிருந்த சமையல்காரம்மா ஓடி வந்தாள்.

"அக்கா பொண்ணு போயிட்டாம்மா! ஆளுங்களக் கூப்பிடு!"

"ஐயோ, வாயக் கழுவுங்க மாஸ்டர்! இதோ உக்காந்திருக்காளே!"

சுண்டெலியின் மஞ்சள் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். அவர் இதுவரை பார்த்தே இராத முகம்.

"இவ இல்ல... இது யாரு?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். "மாஸ்டருக்குச் சுண்டெலியவே அடையாளம் தெரியல!"

அந்தச் சிறுமி மட்டும் சிரிக்கவில்லை.

தேட ஒருவரும் வரவில்லை. மாஸ்டருக்கு வெயிலில் புத்தி கலங்கிவிட்டது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவர் ஒண்டியாக மூழ்கி மூழ்கி எழுந்தார். முதல் பத்து நிமிடம் போன பிறகு, தேடுவது உயிரை அல்ல என்று அவருக்கே தெரிந்தது. அதற்குப் பிறகும் தேடினார்.

தகவல் கேட்டு அக்கா சாயங்காலம் பதறிக்கொண்டு வந்தாள். பெற்றவளுக்குமா தெரியாமல் போகும்? அந்த ஒரு நம்பிக்கையோடு அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

அக்கா அந்தச் சிறுமியை வாரி மடியில் போட்டு உச்சி முகர்ந்தாள். துண்டால் தலையைத் துவட்டினாள். துண்டைப் பிழிந்துவிட்டு மறுபடி துவட்டினாள். மறுபடி பிழிந்தாள்.

"என்னடா தம்பி," என்றாள் எரிச்சலாக, "எவ்வளவு துவட்டினாலும் தண்ணி வந்துக்கிட்டே இருக்கு. என் பொண்ண எவ்வளவு நேரம்டா உள்ள வச்சிருந்த?"