மரத்துக்கு முடிவெட்டு

அம்மாவின் சலூனில் எந்தத் தலையும் அம்மாவின் கத்தரிக்கோலுக்குத் தப்பியதில்லை. வாசலில் நின்ற மகிழ மரத்துக்கும் அதே கதிதான். மாதாமாதம் அதன் துளிர்களை நறுக்கி, பந்துபோல உருட்டி விடுவார்.

அந்த மரம் அப்பா நட்டது. அவர் கப்பலின் இயந்திர அறையில் வேலைக்குப் போனபோது அது அவர் தோளுயரம் இருந்தது. இன்றும் அதே உயரம்தான். எதிர்க்கடைத் தையல்காரருக்கு வழுக்கைத் தலை. இந்தத் தெருவில் வளராதவை தன் முடியும் அந்த மரமும்தான் என்று கேலி செய்வார்.

பூத்தால் தெருவே மணக்கும் என்று அப்பா சொல்லியிருந்தார். மரம் பூத்தால் அப்பா பாதி வந்த மாதிரி என்று மகள் நண்டு நினைத்துக்கொண்டாள். ஓரிடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர். அவள் தினமும் மரத்தைப் பார்த்தாள். தினமும் ஏமாந்தாள்.

ஒருநாள் அவளுடைய பந்து கடையின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. முக்காலியில் ஏறி எட்டிப் பார்த்தாள். அங்கே கத்தரிக்கோல் எட்டாத ஒரு கிளை நீண்டிருந்தது. அதன் இளம் இலைகளின் அடியில் மிளகளவு மொட்டுகள்.

புதுத் துளிரில்தான் பூ வரும்போல. அதைத்தானே அம்மா வெட்டிக்கொண்டிருக்கிறார்!

உள்ளே ஓடிப்போய்ச் சொன்னாள். அம்மா கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அப்பா வர்றப்போ எல்லாம் அவர் விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கணும்டி."

நண்டு அம்மாவோடு ஒட்டி நின்றாள்.

"அப்பா போனப்போ நான் உன் இடுப்பு உயரம். இப்போ தோள் வரைக்கும் வந்துட்டேன். என்னையும் வெட்டிடுவியாம்மா?"

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதன்பிறகு கத்தரிக்கோல் மரத்தின் பக்கம் போகவில்லை.

மரம் பரட்டைத் தலையாக வளர்ந்தது. முதலில் அதை உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள் என்றார் தையல்காரர்.

ஒரு காலையில் கடைவாசல் முழுவதும் குட்டிக் குட்டி வெள்ளைப் பூக்கள். முந்தின நாள் முடியைப் பெருக்கித் தள்ளிய அம்மா, பூக்களைத் தள்ள மனமில்லாமல் குனிந்து பொறுக்கினார்.

"மகிழம்பூ காஞ்சாலும் வாசம் போகாது" என்று சொல்லி, அலமாரியில் தொங்கிய அப்பாவின் சட்டைப் பையில் அவற்றைப் போட்டு வைத்தார்.

கப்பல் எப்போது திரும்பும் என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் அந்த அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் நண்டு கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கிறாள்.