விரல் பிரிக்கிறவள்

சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளுக்குக் கணவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. வாய்விட்டுச் சிரிக்கிற சிரிப்பில்லை. தொண்டைக்குள்ளேயே உருண்டு மூக்கு வழியாக வெளியே வரும் சின்னச் சிரிப்பு. கல்யாணமான புதிதில் அவள் காதோரம் மட்டும் கேட்ட சிரிப்பு. குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். ஜன்னலோர நாற்காலியில், கண்ணில் மாட்டிப் படம் பார்க்கிற அந்த ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தின் மேல்பாதி அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் போயிருந்தது. இடது கை மடியில் மல்லாந்து கிடந்தது. வலது சட்டைக்கை மேஜைமேல் நீண்டு, எலும்பு முடிகிற இடம்வரை உருண்டு தெரிந்து, அதற்கப்பால் வெறும் துணியாகத் தொங்கியது. மின்விசிறி ஓடவில்லை. இருந்தும் அந்த வெறும் துணி மெல்ல ஆடியது, யாரோ அவர் கையைப் பிடித்து ஆட்டிவிட்டு விளையாடுகிற மாதிரி.

"போதும், கூசுது," என்றார் அவர், எதிரே யாரிடமோ.

அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் அவருடைய வலது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டுவிட்டது. காயம் ஆறிவிட்டது, வலி ஆறவில்லை. இல்லாத கைதான் வலித்தது. வெட்டுப்பட்ட நொடியில் எப்படி மூடியிருந்ததோ அப்படியே மூடிக்கொண்டு, நகங்கள் உள்ளங்கையில் புதைய, திறக்கவே மாட்டேன் என்று அது அடம்பிடிப்பதாகச் சொல்வார். வலி வந்தால் மனிதர் புழுவாகச் சுருண்டுவிடுவார். அப்போதெல்லாம் அவள்தான். எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் காய்ச்சி, மழுங்கிய முனையில் தேய்த்து, கதை பேசி, அதட்டி, கெஞ்சித் தூங்க வைப்பாள். ஆயத்த ஆடைக் கடையில் நாளெல்லாம் கால்சட்டை நீளம் குறைத்துக் கொடுத்துவிட்டு வரும் கை அது. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள்.

"நீ இல்லன்னா நான் என்னைக்கோ போயிருப்பேன்," என்பார். அதைக் கேட்பதற்காகவே அவள் தூக்கத்தை விட்டாள் என்று சொன்னால் அது முழுப் பொய்யாகாது.

பிறகுதான் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் பெண் இந்த ஹெட்செட்டைக் கொடுத்தனுப்பினாள். "கை போனது மூளைக்கு இன்னும் தெரியலக்கா. மூடியே கிடக்குன்னு நினைச்சுட்டு இருக்கு. இதுக்குள்ள முழுசா ஒரு வலது கையைக் காட்டுவோம். சார் இடது கையைத் திறந்தா அதுவும் திறக்கும். கண்ணு நம்பிடுச்சுன்னா வலியும் விட்டுடும்."

விட்டுவிட்டது. சொல்லி வைத்த மாதிரி விட்டுவிட்டது. அவர் படுத்தவுடன் தூங்கினார். சாப்பாட்டில் உப்பு போதவில்லை என்று சொல்லுமளவுக்குத் தேறினார். எண்ணெய்ச் சீசாவின் கழுத்தில் தூசி ஒட்டியது. கேட்டவர்களிடமெல்லாம் "சாமி கண்ணைத் திறந்துடுச்சு" என்று அவள் சிரித்த முகமாகச் சொன்னாள். ஆனால் அவர் குறட்டையைக் கேட்டபடி அவள்தான் தூங்காமல் படுத்திருந்தாள்.

"யார்கிட்ட பேசிட்டு இருந்தீங்க?" என்று அன்று கேட்டாள்.

அவர் ஹெட்செட்டைக் கழற்றித் துணியால் துடைத்தார். அவ்வளவு பக்குவமாக அவர் எதையும் துடைத்து அவள் பார்த்ததில்லை.

"அங்க ஒரு கை வரும். என் விரலை ஒவ்வொண்ணா பிரிச்சு விடும்."

"யார் கை?"

"பொம்பளை கை மாதிரிதான் இருக்கு." கொஞ்சம் யோசித்தார். "மெத்துன்னு இருக்கும்."

அவள் தன் விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மறுநாள் கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனாள். பிசியோதெரபிஸ்ட் பெண்ணின் கைகளைத்தான் முதலில் பார்த்தாள். பாவம், மருந்து போட்டுக் கழுவிக் கழுவி அவளுடையவை தோலுரிந்து கிடந்தன.

"வேற கையா? அதுல ஒரு மேஜை, ஒரு பந்து, அவரோட ரெண்டு கை, அவ்வளவுதான்க்கா," என்றாள் அந்தப் பெண். "வலி இல்லல்ல? அப்புறம் என்ன. நிம்மதியா இருங்க."

நிம்மதியாக இருக்க முடியவில்லை. சாயங்காலம் அவர் குளிக்கப் போனதும் அவள் ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். உள்ளே அவர் தலையின் சூடு இன்னும் மிச்சமிருந்தது. அவருடைய வியர்வை வாடையும், அதற்கு அடியில் அவளுக்குப் பழக்கமில்லாத இன்னொரு வாடையும், புதிதாய்ப் பிரித்த காகிதக்கட்டு போல, குளிர்ச்சியாக, லேசாகத் தித்திப்பாக வந்தது. கண்முன்னே ஒரு மேஜை, ஒரு சிவப்புப் பந்து. தன் கைகள் இருக்க வேண்டிய இடத்தில் கணவருடைய கைகள். நரம்பு புடைத்த, முழுசான இரண்டு கைகள். இடது கையை அசைத்தாள், இரண்டும் அசைந்தன. எத்தனையோ மாதம் கழித்து அந்த வலது கையைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது தன் கைதான் என்று உடம்பு நம்பும்வரை.

மேஜையின் மறுபக்கம் வெளிச்சம் போகாத இடத்திலிருந்து அது வந்தது.

ஒரு கை மட்டும். முழங்கைக்குப் பின்னால் இருட்டு. அவசரமே இல்லாமல், வீட்டுக்காரி தன் வீட்டுச் சாமானை எடுக்கிற உரிமையோடு வந்து, மூடிக்கிடந்த வலது கையின் சுண்டுவிரலைத் தொட்டது. அவள் விரலில் அது உறைத்தது. மெத்தென்று. சுண்டுவிரல் பிரிந்தது. மோதிரவிரல் பிரிந்தது. பிறகு அந்தக் கை உள்ளங்கைக்குள் தடவி, விரல்நுனிகளுக்கு வந்து, அவளுக்கு ஊசி குத்திக் காய்த்த இடத்தில் நின்றது. அங்கேயே நின்றது. தடவிப் பார்த்தது.

இது அவர் இல்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

அசிங்கத்தைத் தொட்டுவிட்டவள் இழுத்துக்கொள்வது போல, வெடுக்கென்று அது தன்னை இழுத்துக்கொண்டது.

அவளுக்குப் பயம் இருந்தது உண்மை. ஆனால் பயத்தைவிட அந்த அவமானம்தான் பெரிதாக எரிந்தது. என் புருஷன் கை. என்னைத் தொட இவளுக்கு அருவருப்பா. ஹெட்செட்டைப் பிடுங்கி, துணி ஊறப்போட்டிருந்த வாளிக்குள் அமுக்கினாள். குமிழ்கள் நிற்கும்வரை அமுக்கிப் பிடித்திருந்தாள்.

"கை தவறி விழுந்துடுச்சுங்க," என்றாள், அவர் குளித்துவிட்டு வந்ததும்.

அவர் வாளியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

அடுத்த நாள் முழுவதும் அவள் காத்திருந்தாள். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது அவர் கட்டிலில் சுருண்டு கிடந்தார். விளக்கு வைக்கிற நேரம். அவர் விளக்குப் போட்டிருக்கவில்லை. பல் கிட்டித்து, நெற்றி முழுக்க வியர்வை. "வந்துடுச்சு," என்றார். பையைப் போட்டுவிட்டுப் பதறி ஓடினாள். கூடவே, எண்ணெய்ச் சீசாவைத் தேடிய கையில் ஒரு துள்ளலும் இருந்தது.

காய்ச்சினாள். தேய்த்தாள். கதை பேசினாள். முன்பு அவள் பேச்சைக் கேட்ட வலி இப்போது கேட்கவில்லை.

"இறுக்குது. இன்னும் இறுக்குது. திறந்துவிட ஆள் இல்ல."

"ஏன், நான் இல்லையா?" என்றாள். "கையை என்கிட்ட குடுங்க."

அந்தக் கை செய்ததைப் போலவே செய்தாள். மழுங்கிய முனையைத் தாண்டி, ஒன்றுமில்லாத காற்றில், விரல்கள் இருக்கவேண்டிய இடத்தில் தன் வலது கையை நீட்டினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வெதுவெதுப்பு. பிறகு விரல்கள். அவருடைய விரல்கள், அவளுக்குத் தெரியாதா. ஒருகணம் திறந்தன. அவள் கையை உள்ளே வாங்கிக்கொண்டு மூடின.

அவர் முகம் தளர்ந்தது. "போயிடுச்சு," என்றார். "வலியே இல்ல."

அவளுக்கு அழுகை வந்தது. அந்த மெத்தென்ற கையை ஜெயித்துவிட்ட அழுகை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு கையை எடுக்கப் பார்த்தாள்.

வரவில்லை.

"விடுங்க."

"நான் எங்க பிடிச்சிருக்கேன்?" அவருக்குத் தூக்கம் சொக்கியது.

"ஏங்க, வலிக்குதுங்க. விடுங்க."

"அது தானா திறக்காதும்மா. உனக்குத்தான் தெரியுமே."

கண்களை மூடினார். மூச்சு சீரானது. அவள் உலுக்கினாள், எழவில்லை. குறட்டை.

அந்தரத்தில் நின்ற அவள் கையில் பள்ளங்கள் விழுந்தன. புறங்கையில் நான்கு. கட்டைவிரல் அடியில் ஒன்று. சமையலறையிலிருந்து வந்த வெளிச்சத்தில் நகங்கள் வெளுத்து, நீலம் பாரித்தன. உள்ளே எங்கோ ஓர் எலும்பு முறிந்தது. கத்த வாய் திறந்தாள். காற்றுதான் வந்தது.

காகிதக்கட்டு வாடை. தித்திப்பாக.

கட்டிலின் மறுபக்கம், இருட்டிலிருந்து, எதுவோ அவள் மணிக்கட்டில் வந்து படிந்தது. மெத்தென்று. அவசரமே இல்லாமல் மேலேறி, அவள் கையை மூடியிருந்த விரல்களைத் தொட்டது. சுண்டுவிரலை முதலில் எடுத்தது.

பிரிக்கவில்லை. இன்னும் இறுக்கி மடக்கியது. பிறகு மோதிரவிரல். பிறகு நடுவிரல்.

உறக்கத்தில் அவர் அந்தச் சின்னச் சிரிப்பைச் சிரித்தார்.