ஒரு நொடி மஞ்சள்

திங்கட்கிழமை காலை 10.20. அங்கமுத்துவின் மூன்றாவது அபராத ரசீது பூவிழியின் பிரிண்டரிலிருந்து வெளியே வந்தது. மூன்றாவது என்றால் காசோடு போகாது, லைசென்ஸ் முடங்கும். லைசென்ஸ் இல்லாதவனிடம் எந்த முதலாளி பள்ளி வேனைக் கொடுப்பான்? வெள்ளிக்கிழமை விசாரணை.

"இருவத்திரெண்டு வருசமா ஓட்டுறேம்மா. செவப்புல ஒரு தடவகூடத் தாண்டுனதில்ல."

ரசீதிலிருந்த கேமரா படத்தில் வேன் கோட்டைத் தாண்டியிருந்தது. மேலே சிவப்பு எரிந்தது. படம் பொய் சொல்லாது என்பவர்கள் இன்னும் படத்தில் சிக்காதவர்கள்.

பூவிழி அரியலூரில் இ-சேவைக் கடை வைத்திருப்பவள். டவுனில் பாதிப் பேரின் அபராதம் அவள் கடையில்தான் அச்சாகும். அடுத்தவர் சங்கதியில் மூக்கை நுழைக்காதே என்று சொல்லி அவள் அம்மா அலுத்துவிட்டாள்.

"எப்படி நடந்துச்சுண்ணே?"

"மஞ்சள் வந்துச்சு. பிரேக்குல கால் வைக்கிறதுக்குள்ள செவப்பு. உள்ள புள்ளைங்க. சடன் பிரேக் போட முடியுமா?"

"புகார் குடுத்தீங்களா?"

"குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு ஆபீசர் வந்து அளந்தாரு. மஞ்சள் சரியா மூணு நொடி. நாந்தான் பொய்யனாம்."

11.45. பழைய அரிசி மில் சிக்னல். பூவிழியும் அளந்தாள். மூன்று நொடிதான். கம்பத்தடியில் இருந்த இரும்புப் பெட்டியில் மஞ்சள் பெயிண்டால் 'சி-7' என்று எழுதியிருந்தது.

எதிரே இளநீர் விற்ற செங்கமலம் சொன்னாள்: "முன்னல்லாம் கரண்டு போனாலும் இது எரியும். இப்ப மூணு நாலு மாசமா இதுவும் சேந்து செத்துப்போவுது. மறுநாள் காலைல ரிப்பேர் தம்பி வந்து பெட்டியத் தொறந்து என்னமோ அமுக்கிட்டுப் போவும்."

12.30. அங்கமுத்துவின் மூன்று தேதிகளையும் பூவிழி, தினமும் கடைக்கு வருவோரை எழுதும் தன் டோக்கன் நோட்டில் தேடினாள். மூன்று பக்கமும் காலி. மூன்றும் மாதாந்திர மின்தடைக்காக அவள் கடையைப் பூட்டிய நாட்கள். கரண்ட் திரும்புவது மாலை ஐந்துக்கு. அபராதம் விழுந்த நேரங்கள்: 5.10, 5.12, 5.08.

மூன்றும் கரண்ட் வந்த கால் மணிக்குள் என்று காட்டி அவள் அங்கமுத்துவுக்காக மனுவை அடித்து வைத்தாள். சிக்னலைக் கெடுப்பது யார் என்பது மட்டும் பாக்கி.

செவ்வாய், பகல் 3.10. இந்த மாத மின்தடை. மனுவில் கையெழுத்து வாங்க அங்கமுத்துவின் வீட்டுக்குப் போனாள். வாசலில் அவர் மனுவை வாங்கிக்கொண்டு உள்ளே கூப்பிட்டார். தெருவில் ஒரு ஃபேன் ஓடவில்லை. அவர் வீட்டுக்குள் மட்டும் ஏதோ முனகிக்கொண்டிருந்தது.

அது ஆக்சிஜன் மெஷின். கட்டிலில் அவர் மனைவி ஜெயசித்ரா, மூக்கில் குழாய். பத்து வருடம் ஜல்லி மில்லில் தின்ற தூசி நுரையீரலை அரித்துவிட்டதாகப் பெரம்பலூர் டாக்டர் சொல்லியிருந்தார். அருகில் அவள் தம்பி கலைவாணன். சட்டைப்பையில் கரண்ட் பார்க்கும் டெஸ்டர்.

கட்டிலுக்கு அடியில் இன்வெர்ட்டர், அதோடு ஒரு பேட்டரி. பேட்டரியின் பக்கவாட்டில் மஞ்சள் பெயிண்ட்: சி-7.

பூவிழி அந்த எழுத்தை இருமுறை படித்தாள். பேசாமல் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

"சிக்னல் ரிப்பேர் நீங்கதான?"

"ஆமாங்க."

"பெட்டியில பேட்டரி இல்லன்னா கரண்டு வந்ததும் என்ன ஆவும்?"

கலைவாணன் போர்வையை இழுத்துப் பேட்டரியை மறைத்தான்.

"நான் சொல்றேன். என் கடை மெஷின் மாதிரிதான், வச்ச கணக்கு மறந்துபோயிடும். மஞ்சள் ஒரு நொடி ஆயிடும். மறுநாள் காலைல நீங்க மூணாக்கிடுவீங்க. அதான் ஆபீசர் அளந்தப்ப சரியா இருந்துச்சு. சாயங்காலம் தாண்டுனவங்க மட்டும் மாட்டிக்கிட்டாங்க. பேட்டரிய எடுத்தது நீங்கதான், கலைவாணன்."

"கரண்டு இல்லாத நேரத்துல அக்கா மூச்சுக்கு எங்கங்க போவேன்?" என்றான் கலைவாணன். "பழசு வாங்குனேன்னு மாமாகிட்ட சொன்னேன். அபராதத்துல மாட்டுறது அவருதான்னு நேத்துதான் தெரியும்."

அங்கமுத்து மனுவை நான்காக மடித்தார். "விடும்மா. இதக் குடுத்தா இவன் உள்ள போவான். நான் வேற பொழப்பு பாத்துக்கறேன்."

முனகல் நின்றது. ஜெயசித்ராவின் கை ஸ்விட்சில் இருந்தது.

"வேற எவனோ... அந்த வேன ஓட்டுவான்," என்றாள் தம்பியிடம், மூச்சு வாங்க. "புள்ளைங்க அதே சிக்னல்லதான வரணும்? நீ எடுத்தத எழுதிக் குடுடா." பிறகு கணவரிடம், "ஆஸ்பத்திரில ஜெனரேட்டர் இருக்கு. கூட்டிட்டுப் போங்க."

கலைவாணன் அழுதுகொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

3.40. வேனின் பின் சீட்டில் ஜெயசித்ரா பூவிழியின் தோளில் சாய்ந்திருந்தாள். கலைவாணனின் மடியில் பேட்டரி.

அரிசி மில் சிக்னலில் மூன்று விளக்கும் அணைந்து கிடந்தன. அங்கமுத்து கோட்டுக்கு முன்னால் வேனை நிறுத்தினார். பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்தது. அவர் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், கண்ணாடியில் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகுதான் வண்டியை எடுத்தார்.