மாதம் ஒரு படம்

சனிக்கிழமை காலை 9.40. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகருக்கு வெளியே ஒரு விலங்குக் காப்பகம். கம்பி அறையின் மூலையில் பழுப்பு லாப்ரடோர் ஒன்று ஒடுங்கிக் கிடந்தது. கழுத்தில் கடித்து அறுத்த கயிற்றுத் துண்டு. நெடுஞ்சாலை ஓரமாக ஓடியதை ஒரு லொறிச் சாரதி பிடித்து ஒப்படைத்திருந்தார். தோலுக்கடியில் இருந்த அடையாளச் சிப்பைப் பார்த்துக் காப்பகம் விற்றவளையும் வாங்கியவனையும் அழைத்திருந்தது.

"செம்பி," என்றாள் சாரங்கா. வால் ஒருமுறை தரையைத் தட்டியது.

தன் வீட்டில் பிறந்த குட்டிகளை விற்ற பிறகும் விடாமல் விசாரிப்பவள் சாரங்கா. வாங்கியவர் வேறு யாருக்காவது கைமாற்றினால் நாய் திரும்ப அவளுக்கே சொந்தம் என்று ஒப்பந்தம் போடுவாள். மாதம் முதலாம் தேதி ஒரு படம் வரவேண்டும். ஒரு வயதில் இடுப்பெலும்பு எக்ஸ்ரே எடுக்கவேண்டும். போன மார்ச்சில் செம்பிக்கு எடுத்தபோது அவளும் போயிருந்தாள். மயக்க ஊசிக்காக இடது முன்னங்காலில் முடி வழித்தபோது தலையைத் தடவிக்கொடுத்தவளும் அவள்தான். இப்போது ஒக்டோபர் நடுப்பகுதி.

ஈரத் துணியால் செம்பியைத் துடைத்தாள். முன்னங்கால்களின் அடர்ந்த முடிக்குள் சேறு ஏறிக் காய்ந்திருந்தது. முழங்கைகளில் புண். மடி தளர்ந்து தொங்கியது.

10.25. செம்பியை வாங்கிய பிருந்தன் பக்கத்து நகரமான எசனிலிருந்து பத்திரங்களோடு வந்தான்.

"நேற்றுப் பின்னேரம் தோட்டத்தில நிண்டவள் அக்கா. ஆரோ களவெடுத்திட்டாங்கள். பக்கத்து வீட்டுக் கிழவன்தான் எண்டு நினைக்கிறன். குரைக்குது எண்டு எப்பவும் சண்டை."

"மடி ஏன் இப்பிடி?"

"பொய்ச்சினை எண்டு டொக்டர் சொன்னவர்."

"முழங்கைப் புண்?"

"பல்கணியில படுக்கிறவள்."

"எல்லா நாளும் உம்மோடதான் இருந்தவளோ?"

"ஓம். முதலாம் தேதியும் படம் அனுப்பினனான்தானே. நீங்கள் இதயம் போட்டனீங்கள்."

கேட்டதற்கெல்லாம் பதில் தயாராக இருந்தது. காப்பகப் பெண் படிவத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். பத்திரம் அவன் பெயரில் இருக்க, அந்தப் பெண் என்ன செய்வாள்? ஒரு கையெழுத்து விழுந்தால் செம்பி அவனோடு போகவேண்டியதுதான்.

"கொஞ்சம் பொறுங்கோ," என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு சாரங்கா கைபேசியைத் திறந்தாள். ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை ஏழு படங்கள். ஒன்றில் சிவப்புக் கழுத்துத்துணி, ஒன்றில் பந்து, ஒன்றில் சோபா. முதன்முறையாக ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

10.50. "கிழவன் களவெடுக்கேல்லை. களவே நடக்கேல்லை. மார்ச்சிலையே நீர் இவளை வித்துப்போட்டீர்."

"விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா!"

"இடது முன்னங்காலைப் பாரும். ஊசிக்கு வழிச்ச இடம். ஏப்ரலிலும் மொட்டை, ஓகஸ்டிலும் மொட்டை, இந்த மாசமும் மொட்டை. ஏழு மாசமா முளைக்காத முடி ரெண்டு கிழமையில எப்பிடி இவ்வளவு அடர்த்தியா முளைச்சது?"

பிருந்தன் செம்பியின் காலைப் பார்த்தான். செம்பி சாரங்காவுக்குப் பின்னால் ஒதுங்கியது.

"எல்லாப் படமும் ஒரே நாளில எடுத்து வைச்சு மாசம் ஒண்டா எனக்கு விட்டனீர். நான் எடுப்பிச்ச எக்ஸ்ரேயைக் காட்டித்தானே, இடுப்பு நல்லம், குட்டி போடும் எண்டு வித்தனீர்? வெட்கமில்லையோ உமக்கு? அவளைக் கயித்தில கட்டி, சீமெந்துத் தரையில போட்டிருக்கிறாங்கள்! குட்டியள் எங்கை?"

சாரங்கா எல்லாவற்றையும் ஜெர்மனில் சொல்லி, படங்களைக் காட்டினாள். காப்பகப் பெண் படிவத்தைக் கிழித்துவிட்டுப் பொலிசுக்கு அழைத்தாள். அவள் பொலிசோடு பேசுவதைக் கேட்ட பிறகுதான் பிருந்தனிடமிருந்து ஒரு கொட்டிலின் விலாசமும், "ஆறு குட்டி" என்ற சொல்லும் வந்தன.

11.40. பொலிஸ் வண்டிக்குப் பின்னால் சாரங்காவின் கார் நின்றது. பின் இருக்கையில் செம்பி. கொட்டிலுக்குப் புறப்படுமுன் அவள் கைபேசியை இன்னொரு முறை பார்த்தாள். ஏழு படங்களுக்குக் கீழே ஏழு இதயங்கள், எல்லாம் அவள் போட்டவை. அவனை ஏசிய வாயால் தன்னையும் ஏசிக்கொண்டாள்.

பிறகு குட்டி வாங்கிய மற்றப் பத்தொன்பது பேருக்கும் ஒரே செய்தி அனுப்பினாள்: "இனிப் படம் அனுப்பவேண்டாம். நான் நேரில வாறன்."