கூசாத பல்!

"ஆ... ஆ... ஐயோ!"

நாற்காலியில் சாய்ந்திருந்த வைர வியாபாரி துள்ளி விழுந்தார்.

பல் டாக்டரம்மா பஞ்சை வெளியே எடுத்தார்.

"கூசுதா?"

"உயிரே போகுது டாக்டர்!"

அடுத்த பல். அடுத்த அலறல்!

சுவரோரம் நின்ற இன்ஸ்பெக்டரின் முகம் தொங்கிப் போனது. டாக்டரம்மாவைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"போச்சு டாக்டர்! ஆளு இவன் இல்லே!"

"ஏன்?"

"பொண்டாட்டியைக் கொன்னுட்டு ஓடினவன், தொண்டைப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்தவன். மூஞ்சியை மாத்திட்டான், பேரை மாத்திட்டான்... பல்லை மாத்த முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். தாடையில கதிர் பட்டா பல்லுக்குள்ள ரத்த ஓட்டம் குறைஞ்சிடும். பல்லு பளபளன்னு இருக்கும். ஆனா நரம்பு தூங்கிடும். சில்லுன்னு வச்சாலும் பெரும்பாலும் தெரியாது."

"இவன்தான் ஊரைக் கூட்டுறானே!"

கண்ணாடிக்கு அப்பால், வராந்தாவில், செத்துப்போனவளின் தங்கை நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தாள். விமான நிலையத்தில் அவன் நடையை வைத்து அடையாளம் சொன்னவள் அவள்தான்.

"இப்ப விட்டா ஃப்ளைட் ஏறிடுவான். அந்தப் பொண்ணு மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

டாக்டரம்மா சிரித்தார்.

"அவசரக்குடுக்கை சார் நீங்க! டெஸ்ட்டை நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லே. வாங்க!"

திரும்பி வந்தவர், வியாபாரியின் கண்ணெதிரே ஒரு டப்பாவை ஆட்டினார்.

"குளிர் ஸ்ப்ரே இதுதான் சார். இன்னும் மூடியே திறக்கலே."

"அப்போ... இவ்வளவு நேரம் வச்சது?"

"காய்ஞ்ச பஞ்சு!"

வியாபாரியின் நெற்றி வியர்த்தது.

"கண்ணை மூடுங்க. சில்லுன்னு தெரிஞ்சா மட்டும் கையைத் தூக்குங்க."

குளிர் உதட்டில் படாமலிருக்கப் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பைப் பொருத்தினார். ஸ்ப்ரே அடித்த பஞ்சை வைத்தார்... கை அசையவில்லை. காய்ந்த பஞ்சு... கை சடாரென்று உயர்ந்தது! மறுபடி குளிர்... கை மடியிலேயே கிடந்தது!

"தப்பு. தப்பு. இதுவும் தப்பு!"

வியாபாரி விரிப்பைப் பிடுங்கி எறிந்தான்.

"அநியாயம்! ரேடியேஷன் எடுத்தவனுக்குத்தான் கூசாது! எனக்குக் கூசுது! நான் அவன் இல்லே!"



"ரேடியேஷனா...?" இன்ஸ்பெக்டர் மெல்ல நெருங்கினார். "உன்கிட்ட அந்தப் பேச்சை யாருய்யா எடுத்தது?"

அவன் கதவை நோக்கிப் பாய்ந்தான்.

கதவு திறந்தது. தங்கை!

நகரவில்லை அவள். நேருக்கு நேர் பார்த்தாள்.

"எங்க அக்கா உனக்கு ஆஸ்பத்திரியில ராப்பகலா கஞ்சி ஊட்டினாளேடா... அவளைக் கொல்ல எப்படிடா மனசு வந்துச்சு?"

அவன் தலை தானாகக் கவிழ்ந்தது. அவள் அழுகையை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்தாள். டாக்டரம்மா ஓடிப்போய் அவளைத் தாங்கிக்கொண்டார்.

"பல்லை மட்டும் வச்சு கோர்ட்டுல நிக்க முடியாது சார். தாடையை ஸ்கேன் பண்ணி, பழைய ஆஸ்பத்திரி ஸ்கேனோட ஒத்துப் பார்த்துடலாம்."

"பண்ணுங்க டாக்டர்."

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

"பாவம், உன் பல்லு கடைசிவரைக்கும் வாயே திறக்கலைடா... நீதான் திறந்துட்டே!"